கிளினிக் கொப்பியில் ஏறாத விஷயங்கள்: முள்ளந்தண்டில் காயப்பட்டவரை வீட்டில் பராமரிப்போருக்கு

போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே இயங்காமல் போனவரை வைத்தியர் மாதத்தில் ஒரு நாள், அதுவும் சில நிமிஷம்தான் பார்ப்பார். மிச்ச நேரம் முழுக்க அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, சலம் (சிறுநீர்) சேரும் பையைக் கழுவி, புண்ணுக்கு மருந்து கட்டி வருவது அம்மா, மனைவி, தங்கச்சி, சில வீடுகளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. உடம்பில் என்ன மாறுகிறது என்று முதலில் தெரிவதும் இவர்களுக்குத்தான். ஆனால் கிளினிக்கில் "எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டால் "பரவாயில்லை டொக்டர்" என்ற பதிலோடு கதை முடிந்துவிடும். வைத்தியர் பழைய மருந்தையே எழுதித் தருவார். வீட்டாருக்குத் தெரிந்ததை வைத்தியர் முடிவெடுக்கக் கூடிய விதத்தில் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது, ஆஸ்பத்திரியிடம் இருந்து எதைக் கேட்டு வாங்குவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். முன்னாள் போராளியாக இருந்தாலும் செல்லடியில் அகப்பட்ட பொதுமகனாக இருந்தாலும் பராமரிப்பு ஒன்றுதான்.

முதலில் ஒரு ஒழுங்கு. கதிரையில் இருப்பவர் வளர்ந்த மனிதர், காலுக்குத்தான் ஏலாது. வைத்தியர் உங்களைப் பார்த்துக் கேட்டாலும் "அவரையே கேளுங்கோ டொக்டர், விட்டதை நான் சொல்லுறன்" என்று சொல்லுங்கள். கிளினிக்குக்குப் போக முதல் நாள் இரவே அவரோடு இருந்து எதை நீங்கள் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கேட்டு வையுங்கள். தாம்பத்தியம், குடி, நித்திரையில் கத்தி எழும்புவது, சாக வேண்டும் என்ற நினைப்பு, இவற்றை அம்மாவுக்கு முன்னால் எவரும் வாய் திறந்து சொல்லமாட்டார். வைத்தியரிடம் அவர் தனியாகக் கதைக்க இரண்டு நிமிஷம் வெளியே நில்லுங்கள். சாவைப் பற்றிய கதை வீட்டில் ஒருமுறை வந்தாலும் அடுத்த கிளினிக் திகதி வரை வைத்திருக்க வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

ஒரு பக்கத்தில் அவருடைய வரலாறு

போர்க்காலத்தில் நடந்த சத்திரசிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் ஆஸ்பத்திரித் துண்டு (எழுத்துப் பதிவு) இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாம் போய்விட்டது. அதனால் ஒரு ஏ4 தாளில் நீங்களே எழுதி, பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் வையுங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம், உடம்பில் எங்கே பட்டது, எந்த எலும்பு மட்டத்தில் முறிவு, என்னென்ன சத்திரசிகிச்சை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இப்போது எடுக்கும் மருந்துகள், அவருடைய வழமையான பிறசர், சலக்குழாயின் அளவும் கடைசியாக மாற்றிய திகதியும். இவ்வளவும் போதும்.

எந்த அணியில் இருந்தார், என்ன பொறுப்பு என்ற கதை வைத்தியத்துக்குத் தேவையில்லை. அந்தக் கேள்வி வந்துவிடுமோ என்ற பயத்தில் சில வீட்டார் "விழுந்து அடிபட்டவர்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. உடம்புக்குள் செல் துண்டோ சன்னமோ இருப்பது தெரியாமல் எம்.ஆர்.ஐ. மெசினுக்குள் விட்டால், காந்த இழுப்பில் அந்த இரும்பு அசையலாம், சூடேறலாம். முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ கண்ணிலோ இருந்தால் கதை வேறு. "செல் துண்டு உள்ளுக்கு இருக்கு" என்று தாளின் மேல் சிவப்பு மையில் எழுதுங்கள். எக்ஸ்ரே படம் இருந்தால் அதையும் சுருட்டாமல் தட்டையாக வைத்துக் கொண்டுபோங்கள். காயம் எப்படி வந்தது என்று சொன்னால் போதும், யாருக்காக நின்று வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

துண்டு வெட்ட முதல்

வார்ட்டில் இருந்து வீட்டுக்கு விடும் நாள்தான் குடும்பம் கற்றுக்கொள்ளக் கிடைக்கும் கடைசிச் சந்தர்ப்பம். அன்று காலையில் போய் நின்றுகொண்டு கேட்டால் ஒருவராலும் சொல்லித் தர ஏலாது. துண்டு வெட்டப் போகிறார்கள் என்று காதில் பட்டவுடனேயே வார்ட் சிஸ்டரிடம், "வீட்டில பாக்கிறது நான்தான், எனக்குப் பழக்கி விடுவியளோ?" என்று கேளுங்கள். ரவுண்ஸ் நேரமும் மருந்து கொடுக்கும் நேரமும் வேண்டாம். டிரெசிங் செய்ய வரும்போது அல்லது பின்னேரம் கேட்டால் நின்று காட்டுவார்கள். இயன்மருத்துவர் கட்டிலில் இருந்து வீல் செயருக்கு மாற்றிப் பழக்கும் நேரத்தில் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

பார்ப்பது மட்டும் காணாது. நேர்ஸ் செய்து காட்டட்டும், பிறகு அவர் பார்த்துக்கொண்டு நிற்க நீங்கள் செய்யுங்கள். பக்கம் திருப்புவது, பையில் சேர்ந்த சலத்தை வெளியேற்றுவது, புண் கழுவிக் கட்டுவது, மலம் போக வைப்பது, கதிரைக்கு மாற்றுவது, ஐந்தையும். அனுமதி கேட்டு, கை மட்டும் தெரிய போனில் வீடியோ எடுத்து வைத்தால் வீட்டில் சந்தேகம் வரும்போது உதவும். பக்கத்துக் கட்டில் நோயாளி படத்தில் விழக் கூடாது.

வெளியேற முதல் கேட்டு எழுத வேண்டியவை: அடுத்த சலக்குழாய் எப்போது, எங்கே மாற்றுவது, எந்த மருந்தை ஒரு நாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது, எந்த அறிகுறிக்கு கிளினிக் நாளைப் பார்க்காமல் உடனே வர வேண்டும். கால் இழுப்புக்குக் கொடுக்கும் பக்லோஃபெனைச் சட்டென்று விட்டால் வலிப்பு வரை போகலாம், நரம்பு வலிக்கான கபாபென்ரின், பிரிகாபலினும் படிப்படியாகவே குறைக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பாமசியில் இல்லை என்று சொன்னால் அன்றே வெளியில் வாங்குங்கள், அல்லது மாற்று என்ன என்று அங்கேயே கேளுங்கள்.

வடமராட்சியில் இருப்பவர் குழாய் மாற்ற மட்டும் யாழ்ப்பாணம் வரை ஓட்டோ பிடிக்கத் தேவையில்லை. மந்திகையிலும் தெல்லிப்பழையிலும் சாவகச்சேரியிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. எது கிட்டவோ அங்கே மாற்றும்படி ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.

தோல்: தினமும் பார்க்க வேண்டிய இடம்

முள்ளந்தண்டு பாதித்தவரைத் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில் படுக்கைப் புண்ணுக்குப் பெரிய பங்கு. உணர்ச்சி இல்லாத இடத்தில் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் தோல் நசிந்தால் இரத்தம் ஓடாது, அந்தத் தசை செத்துவிடும். வெளியில் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே குழி பெரிதாக இருக்கும்.

படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முழுப் பக்கமாகச் சரித்தால் இடுப்பு எலும்பில் பாரம் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை அளவு சரித்தால் போதும். குதிக்காலின் கீழே தலையணை வைக்காதீர்கள், கெண்டைக்காலின் கீழே வைத்துக் குதி அந்தரத்தில் நிற்க விடுங்கள். கையுறைக்குள் தண்ணீர் நிரப்பிக் குதிக்குக் கீழே வைக்கும் பழக்கம் பிரயோசனமில்லாதது. நடுவில் ஓட்டை உள்ள வட்டக் குஷனும், காற்றடித்த சைக்கிள் ரியூப்பும் அதைவிட மோசம், சுற்றியுள்ள தோலை நசித்து ஓட்டைக்கு நேரே உள்ள இடத்துக்கு இரத்தம் போகாமல் தடுத்துவிடும்.

வீல் செயரில் இருக்கும்போது கால் மணி முதல் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை முன்பக்கமோ பக்கவாட்டிலோ நன்றாகச் சாய்ந்து ஒன்றிரண்டு நிமிஷம் இருக்க வேண்டும். கையால் ஊன்றி ஒரு கணம் தூக்கி இறக்குவது காணாது. இதை அவரே செய்யட்டும், நீங்கள் நேரத்தை மட்டும் நினைவுபடுத்துங்கள்.

காற்று மெத்தை இருந்தால் ஒரு சோதனை: அவர் படுத்திருக்கும்போது வால் எலும்புக்கு நேரே மெத்தையின் கீழ் உள்ளங்கையை மேல் பார்க்க வைத்து விடுங்கள். உங்கள் கைக்கும் அவருடைய எலும்புக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது காற்று இல்லாவிட்டால் மெத்தை வேலை செய்யவில்லை. கரண்ட் போனால் சில மெத்தைகள் கொஞ்ச நேரத்திலேயே தொய்ந்துவிடும், அதனால் கீழே ஒரு பஞ்சு மெத்தை எப்போதும் இருக்கட்டும்.

காலையும் இரவும் வெளிச்சத்தில் வால் எலும்பு, உட்காரும் எலும்புகள், இடுப்பின் இரு பக்கம், குதி, கணுக்கால் எல்லாம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அமர்த்தி எடுங்கள். வெளிறிப் பிறகு சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அமர்த்தியும் வெளிறாவிட்டால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, கல்லாக, ஊதா நிறமாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அந்த இடத்தில் எண்ணெய் போட்டு உருவாதீர்கள், நசிந்த தோல் இன்னும் கிழியும். அது பழைய நிறத்துக்கு வரும் வரை அந்தப் பக்கம் பாரம் விழவே கூடாது.

புண் திறந்துவிட்டால் அரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவலாம், ஒரு நாளைக்கு மேல் அதை வைத்திருக்க வேண்டாம். ஸ்பிரிற், ஹைதரசன் பெரொக்சைட், மஞ்சள், கோப்பித்தூள் ஒன்றும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், அவர் சம்மதித்தால், அதே தூரத்தில் இருந்து ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் அடிமட்டமும் திகதி எழுதிய தாளும் இருக்கட்டும். கிளினிக்கில் வாயால் "பெருக்குது" என்று சொல்வதைவிட நாலு வாரப் படம் வைத்தியருக்குப் பிரயோசனம். புண்ணுக்குள் எலும்பு தட்டுப்பட்டாலோ நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தாலோ படத்தோடு நில்லாமல் உடனே கொண்டுபோங்கள்.

புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, உளுந்து என்று ஒவ்வொரு சாப்பாட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். வெறும் கஞ்சியும் சம்பலும் கொடுத்துக்கொண்டு விலைகூடிய மருந்து பூசிப் பலன் இல்லை.

சலக்குழாய்

நிரந்தரமாகக் குழாய் வைத்திருப்பவருக்கு, வைத்தியர் இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீரைக் குறைக்கச் சொல்லாத வரை, நாளைக்கு இரண்டு, இரண்டரை லீற்றர் தண்ணீர். பை எப்போதும் அடிவயிற்றை விடக் கீழே, ஆனால் நிலத்தில் முட்டாமல் தொங்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் வெளியேற்றுங்கள். லேற்றெக்ஸ் குழாய் என்றால் கூடியது நாலு வாரம், முழுச் சிலிக்கோன் குழாய் பன்னிரண்டு வாரம் வரை. எது போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதாவிட்டால் இந்தக் கணக்கு ஒன்றும் உதவாது.

தனக்குத்தானே நேரத்துக்குக் குழாய் விட்டு எடுப்பவர் நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். ஒருமுறைக்கு 500 மில்லி லீற்றருக்கு மேல் வந்தால் இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம்.

சலம் கலங்கலாக இருப்பதை மட்டும் வைத்து அன்ரிபயோற்றிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். குழாய் உள்ள எல்லோருடைய சலத்திலும் கிருமி இருக்கும். காய்ச்சல், குளிர் நடுக்கம், வழமையை விடக் கூடிய கால் இழுப்பு, குழாயைச் சுற்றிப் புதிதாக ஒழுகுவது, இவை சேர்ந்தால்தான் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். அப்போதும் முதலில் குழாயை மாற்றி, புதுக் குழாயில் வரும் சலத்தை எடுத்து, எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பி, அதன் பிறகே மருந்து தொடங்க வேண்டும். பழைய பையில் இருந்து எடுத்துக் கொடுத்தால் பையில் வளர்ந்த கிருமிதான் ரிப்போட்டில் வரும். "குழாய் மாத்திப்போட்டு எடுப்பமோ மிஸ்ஸி?" என்று மரியாதையாகக் கேட்பதில் ஒரு பிழையும் இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கானும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். சதை வற்றியவருக்குக் கிரியற்றினின் குறைவாகவே காட்டும். சாதாரணம் என்று வந்தாலும் ஸ்கானைக் கைவிட வேண்டாம்.

நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ முறிவென்றால் இதைக் கட்டாயம் தெரிந்திருங்கள்

கொப்பியில் ரீ 6 (T6, நெஞ்சு மட்டத்தில் உள்ள ஆறாவது முள்ளெலும்பு) அல்லது அதற்கு மேலே கழுத்துப் பக்கம் என்று எழுதியிருந்தால் ஒட்டோனமிக் டிஸ்ரெஃப்லெக்சியா என்ற நிலை வரலாம். உணர்ச்சியில்லாத பகுதியில் ஏதோ ஒரு உறுத்தல், பெரும்பாலும் அடைத்த சலக்குழாய் அல்லது இறுகிய மலம், பிறசரை ஒரேயடியாக ஏற்றிவிடும். திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவப்பது, முறிவுக்கு மேலே வியர்த்துக் கொட்டுவது. இவர்களுக்கு வழமையான மேல் பிறசர் 90, 100 என்றுதான் இருக்கும். அதனால் 140 என்பது மற்றவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது, இவருக்கு அது ஆபத்து. வழமையான பிறசரை முதல் பக்கத்தில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

உடனே நிமிர்த்தி இருத்துங்கள், கால்களைக் கீழே தொங்க விடுங்கள், படுக்க வைக்காதீர்கள். இடுப்புப் பட்டி, இறுகிய சாரம், கால் பை வார் எல்லாம் தளர்த்துங்கள். தொடைக்குக் கீழே குழாய் மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். குழாய் அடைத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். சில நிமிஷத்துக்கு ஒருமுறை பிறசர் பாருங்கள். காரணம் தெரியாவிட்டாலோ இறங்காவிட்டாலோ 1990 அம்புலன்ஸ். வழி முழுக்க இருத்தியபடியே கொண்டுபோங்கள். அவசரப் பிரிவில் இரவுக் கடமையில் நிற்கும் இளம் வைத்தியர் இதை முன்பு பார்த்திராமலும் இருக்கலாம். முதல் பக்கத் தாளைக் கையில் கொடுத்து அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இதே ஆட்களுக்கு முறிவுக்குக் கீழே வியர்க்காது. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் விட்டால் உடம்பு சூடேறிக் காய்ச்சல் மாதிரிக் காட்டும். ஈரத் துணியும் காற்றாடியும் கொடுத்துப் பாருங்கள். அரை மணித்தியாலத்தில் இறங்காவிட்டால் தொற்றாக இருக்கலாம், காட்டுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடானால் அது இரத்தக் கட்டியாகவோ தெரியாமல் நடந்த முறிவாகவோ இருக்கலாம். எண்ணெய் போட்டு உருவினால் கட்டி நெஞ்சுக்குப் போகலாம். அசைக்காமல் அன்றே கொண்டுபோங்கள்.

மலம் போவதற்கு ஒரு நேரத்தைப் பிடியுங்கள். சாப்பிட்டு இருபது, முப்பது நிமிஷத்தில் குடல் தானே அசையும், அந்த நேரத்தில் வைத்தியர் சொன்ன குளிசையை ஆசனவாயில் வைத்தால் சுகமாகப் போகும். ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரம் என்று மாற்றினால் ஒழுங்கு பிடிக்காது.

கொப்பியில் எப்படி எழுதுவது

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். எழுதும் விதம் இப்படி:

"புதன். காலை 6: இடப்பக்கம் திருப்பினது. வால் எலும்பில சிவப்பு, ஒரு ரூபாய்க் குத்தி அளவு, அமர்த்த வெளிறேல்லை. 8.30: பை 600 மில்லி, கலங்கல். 11: காய்ச்சல் 101, குளிர் நடுக்கம். கால் இழுப்பு வழமையிலும் கூட. 11.15: பனடோல் இரண்டு. 3: காய்ச்சல் 99."

"உடம்பு சரியில்லை, சாப்பிடேல்லை" என்று எழுதியிருந்தால் வைத்தியரால் ஒன்றும் செய்ய ஏலாது. மேலே உள்ளதைப் பார்த்தால் குழாய் மாற்றச் சொல்வதா, இரத்தம் எடுப்பதா, வார்ட்டில் மறிப்பதா என்று அவர் முடிவெடுக்கலாம். ஒன்றும் நடக்காத நாளில் "வழமை" என்று ஒரு சொல் போடுங்கள், அதுவும் தகவல்தான்.

கிளினிக்குக்குப் போகும் காலையில் கொப்பியைப் பார்த்து மூன்று கேள்வி மட்டும் எழுதுங்கள், அதிமுக்கியமானது முதலாவதாக. பத்தைக் கொண்டுபோனால் பத்தாவதுதான் முக்கியமாக இருக்கும், அதற்குள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிடுவார்கள். மருந்துப் பெட்டியையே எடுத்துப் போங்கள், "வெள்ளைக் குளிசை" என்று சொல்லி ஒருவருக்கும் விளங்காது. வைத்தியர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கதைத்தால் வெட்கப்படாமல் நேர்ஸைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். அறையை விட்டு வெளியேற முதல், "அப்ப இது காலமையும் இரவும் ஒண்டு, பத்து நாள், பிறகு இரத்தம் பாக்கிறது, சரியோ?" என்று நீங்கள் விளங்கிக்கொண்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்.

உங்களுடைய முதுகும், அடுத்த ஆளும்

தூக்காதீர்கள், இழுங்கள். பழைய கட்டில் விரிப்பை இரண்டாக மடித்துத் தோளில் இருந்து தொடை வரை அவருக்குக் கீழே விரித்து வைத்தால், இரண்டு பேர் இரண்டு பக்கமும் விளிம்பைச் சுருட்டிப் பிடித்து மேலே நகர்த்தலாம், அவருடைய தோலும் உரசாது. தனி ஆளாக என்றால் திருப்புவது மட்டும் செய்யுங்கள்: தூரப் பக்க முழங்காலை மடித்து, தோளையும் இடுப்பையும் பிடித்து உங்கள் பக்கம் உருட்டுங்கள். கட்டில் உங்கள் இடுப்பளவு உயரத்துக்கு வர, கால்களுக்குக் கீழே சீமெந்துக் கல் வைத்து அசையாமல் இறுக்கலாம். கதிரைக்கு மாற்றும்போது பிரேக் இரண்டும் போட்டு, கால் தட்டைத் தூக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

2009இல் காயப்பட்டவரை அன்று ஐம்பது வயதில் பார்க்கத் தொடங்கிய அம்மா இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அவருக்கே பிறசரும் முழங்கால் வலியும். அடுத்த ஆளைப் பழக்காத வீட்டில், அம்மா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் மகனுக்கு வால் எலும்பில் புண் வந்துவிடுகிறது. இரண்டாவது ஆளுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லாதீர்கள், வாரத்துக்கு ஒன்று: முதல் வாரம் திருப்புவது, அடுத்தது பை, பிறகு தோல் பார்ப்பது. கிளினிக்குக்கும் மாறி மாறிக் கூட்டிப் போங்கள், அங்குள்ளவர்களுக்கு அவருடைய முகமும் தெரியட்டும். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது வைத்தியச் சான்றிதழின் போட்டோப் பிரதி மூன்று எடுத்து வையுங்கள், வேறு உதவிகளுக்கும் அதையே கேட்பார்கள். செயற்கைக் கால், ஊன்றுகோல், வீல் செயர் திருத்த வேலைகளுக்கு யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தில் விசாரிக்கலாம். கதிரையின் இருக்கை அளவை எழுதும்போது அவரை இருத்தி இடுப்பை அளவெடுங்கள், படுக்க வைத்து எடுத்த அளவு குறைவாக வரும்.